நாற்பத்தொரு கயிறுகள்

நான் நேரில் கண்டவற்றையும், காதால் கேட்டவற்றையும், முப்பத்தாறு பக்க அறிக்கை ஒன்றிலும் அதன் தொடர்ச்சியிலும் அச்சாகியிருந்தவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். இந்த நிகழ்ச்சியைப் பற்றி எங்கள் உறவினரிடையே வேறு மூன்று வடிவங்கள் உலவுகின்றன. ஒன்றில் என் தங்கையின் கணவர் இருபது லட்சம் இழந்திருக்கிறார். இன்னொன்றில் இருபது லட்சம் சம்பாதித்து அதை மறைத்திருக்கிறார். மூன்றாவதில் காவல்துறையினர் அவர் வீட்டுக்கு வந்து விசாரித்துக் காபியும் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்றுக்கும் ஆதாரம் கிடையாது, காபிக்கும் கிடையாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். கோவையில் இருபத்தேழு ஆண்டுகளாகப் பிறர் எழுதிய புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்திப் பிழைக்கிறேன். ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் தெரியாத பெரிய மனிதர்கள் பலரை ஊர் மதிக்கும்படி செய்த கை இது. அப்படிப்பட்ட நான் ஒரு நாள் ஒரே ஒரு வாக்கியத்தைச் சரிபார்க்காமல் சொல்லிவிட்டேன். அந்த வாக்கியத்தில் எழுத்துப் பிழையோ தொடர்ப் பிழையோ இல்லை. ஆனால் என் தங்கைக்கு அது ஒரு மரச்செக்கைச் செலவு வைத்தது.

என் மைத்துனர், அதாவது தங்கையின் கணவர், கோவையில் கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மோட்டார் பம்புக்குத் தண்டு கடைந்து கொடுப்பது அவர் தொழில். அந்தத் தொழிலில் அவரைக் குறை சொல்ல ஒருவரும் இல்லை. மயிரிழை பிசகினாலும் உருப்படியைத் தூக்கிக் கழிவில் எறிந்துவிடுவார். இந்த நுணுக்கம் முழுவதையும் அவர் பட்டறைக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே வருவார் என்பதுதான் சிக்கல்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவிநாசி சாலையில் ஒரு விடுதியின் அரங்கத்தில் நடந்த இரண்டு நாள் வகுப்புக்கு அவர் போய்வந்தார். அன்னியச் செலாவணி வணிகத்தை அலைபேசியிலேயே செய்வது எப்படி என்று, கோட்டும் ஓட்டப்பந்தயக் காலணியும் அணிந்த ஒருவர் கற்பித்தார். மதியச் சாப்பாட்டில் மூன்று வகை இனிப்புப் போட்டார்கள். இது சரிபார்க்கப்பட்ட செய்தி. இலையின் புகைப்படத்தை மைத்துனர் இன்னும் வைத்திருக்கிறார்.

வகுப்பில் அவர் எழுதிய குறிப்பேட்டை நான் படித்திருக்கிறேன். ஒரு நாட்டுப் பணத்தை இன்னொரு நாட்டுப் பணத்துக்கு எதிராக வாங்குவதும் விற்பதும்தான் அந்த வணிகம். தங்கமும் அதே திரையில் டாலர் விலைக்கு ஓடுகிறது. விலை ஏறும் என்று தோன்றினால் வாங்கலாம். இறங்கும் என்று தோன்றினால் கையில் இல்லாததை முதலில் விற்றுவிட்டுப் பிறகு வாங்கி நேர் செய்யலாம். எடுத்த வணிகத்தை ஒரேயடியாக முடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. லாபம் வந்ததும் பாதியை முடித்துப் பணமாக்கலாம். இன்னும் சிறிது வந்தால் கால்வாசியை முடிக்கலாம். மிச்சத்தை ஓடவிடலாம். ஆனால் ஓடவிடும் மிச்சத்துக்கு ஒரு காவல் விலை குறித்துவிட வேண்டும். விலை திரும்பி, நாம் நுழைந்த இடத்துக்கே வந்தால் அந்த மிச்சம் தானாக முடிந்துவிடும். வந்த லாபம் கையில் நிற்கும். பாடம் இவ்வளவுதான். அதில் நான் பிழை காணவில்லை.

அந்தப் பாடம் அந்தியூரைச் சந்தித்த இடத்தில்தான் பிழை நேர்ந்தது. மைத்துனரின் தகப்பனார் அந்தியூர்ச் சந்தையில் மாடு வாங்கி விற்றவர். எங்கள் பக்கத்தில் மாட்டை விற்பவர்கள் கயிற்றை விற்பதில்லை. பணத்தை வாங்கி, மாட்டை ஒப்படைத்து, கழுத்துக் கயிற்றை மட்டும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வாங்குகிறவர்தான் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். கயிற்றையும் சேர்த்துக் கொடுத்தால் பட்டியின் ராசி அதோடு போய்விடும் என்பது நம்பிக்கை. மாட்டுக்கு இது பொருந்துமா என்று எனக்குத் தெரியாது. மைத்துனர் இதை யூரோவுக்குப் பொருத்தினார்.

"மச்சான், முழுசா முடிச்சுப்போட்டா ராசி போயிருமுங்க. எத்தன லாபம் வந்தாலுஞ் செரி, கடேசியா ஒரு துளி உட்டுப்போடோணும். கயிறு நம்ம கைல இருந்தாத்தான அடுத்த மாடு பட்டிக்கு வரும்?"

"அந்தத் துளிக்குக் காவல் வெல வெக்கச் சொல்லி உங்க நோட்டுலயே இருக்குதுங்களே மாப்ளே?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"கயித்துக்குப் போயி ஆராச்சும் பூட்டுப் போடுவாங்களா மச்சான்?"

ஆக, பத்துப் பங்கு எடுத்தால் ஐந்தை முதலில் முடிப்பார், பிறகு மூன்றை, பிறகு ஒன்றை. கடைசி ஒரு பங்கு, அதற்குமேல் பிரிக்க முடியாத சிற்றளவு, காவலின்றிக் கிடக்கும். அது கயிறு. அடுத்த வணிகம் புதிய மாடு. அதன் முடிவில் புதிய கயிறு.

லண்டன் சந்தை திறக்கும் பகல் ஒன்றரை மணிக்குப் பட்டறைக்கு எதிரே உள்ள பேக்கரியில் அவர் அமர்வார். நானும் அச்சகத்துக்குப் போகும் வழியில் அங்கே தேநீர் குடிப்பவன். மூன்றாவதாக ஒருவர் வருவார்: உக்கடத்தில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் பாய். லேத்தில் சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவலை எடை போட்டு வாங்கிச் செல்பவர். அவரும் அந்த வகுப்புக்குப் போனவர்தான். வட்டி வாங்குவதும் கொடுப்பதும் தமக்கு ஆகாது என்று, வட்டியில்லாக் கணக்கு ஒன்றைக் கேட்டு வாங்கி இரண்டு மாதம் வணிகம் செய்தார். மூன்றாம் மாதம் எல்லாவற்றையும் ஒரே மதியத்தில் முடித்து, போட்ட பணத்தை எடுத்துக்கொண்டு விலகிவிட்டார். அதன் பிறகும் பேக்கரிக்கு வந்தார். வணிகத்தைவிட வேடிக்கை லாபம் என்று கண்டுகொண்டதாகச் சொன்னார்.

ஒவ்வொரு பகுதியை முடிக்கும்போதும் மைத்துனர் அறிவிப்பார்.

"பாதி எடுத்தாச்சுங்க!"

எல்லாருக்கும் பப்ஸ் வரும். அரை மணி கழித்து, "கால்வாசி எடுத்தாச்சுங்க!" என்பார். தேங்காய் பன் வரும். ஒரு நாள் பாய் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, அன்றைய லாபத்தைக் காட்டிலும் பப்ஸுக்குக் கொடுத்தது பதினான்கு ரூபாய் கூடுதல் என்று தெரிவித்தார். மைத்துனர் இன்னொரு பப்ஸ் சொன்னார்.

"ஏனுங்க மொதலாளி, மாட்ட வித்தாச்சு, கயித்த வெச்சிருக்கறீங்க. செரி. அந்தக் கயித்துக்குத் தெனமும் தீவனம் போடறீங்களே, அது என்ன கணக்குங்க?" என்றார் பாய்.

"தீவனமா?"

"ஒரு நாள் தாண்டுனா வட்டி புடிக்கறானில்லீங்க. புதங்கெழமையாச்சுன்னா சனி ஞாயிறுக்குஞ் சேத்தி மூணு நாளுத்து வட்டி ஒண்ணாப் புடிக்கறான். மாடு இல்லாத பட்டிக்கு இத்தன தீவனமுங்களா?"

"அதெல்லாஞ் சில்லறைங்க பாய்."

"சில்லறையத்தானுங்க நானு இருவது வருசமா உங்க பட்டறைல கூட்டி அள்ளறேன். அதுல ஊடே கட்டிப்போட்டேன்."

இதற்கு மைத்துனர் சிரித்தார். நானும் சிரித்தேன். பாய் சொன்னது எவ்வளவு துல்லியமான பொருளியல் என்பதை நாங்கள் இருவரும் உணரவில்லை.

இனி என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரமடைப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு இருந்த தென்னந்தோப்பை விற்றபோது அவள் பங்காக ஐந்து லட்சம் வந்தது. அந்தப் பணம் எதற்கு என்பதை அவள் பணம் வருவதற்கு முன்பே முடிவு செய்திருந்தாள். மரச்செக்கு எண்ணெய்க் கடை. அதற்காக மூன்று மாதம் வேறொருவர் செக்கில் சம்பளமில்லாமல் நின்று, எந்தக் கொப்பரை எவ்வளவு கக்கும், எள்ளில் எப்போது கருப்பட்டி சேர்க்க வேண்டும் என்றெல்லாம் கற்றிருந்தாள். பெருந்துறை தொழிற்பேட்டையில் செக்கு செய்து கொடுப்பவரிடம் இரண்டு செக்கும் ஒரு வடிகட்டியும் சொல்லி, ஒரு லட்சம் முன்பணமும் கட்டிவிட்டாள். ஒரு செக்கு தேங்காய்க்கு. மற்றது கடலைக்கும் எள்ளுக்கும். மீதி நான்கு லட்சத்தைச் செக்கு தயாரானதும் கொடுக்க வேண்டும். தயாராக நான்கு மாதம் ஆகும் என்றார் அவர்.

நான்கு மாதம், நான்கு லட்சம். மைத்துனரின் கண்ணில் இந்த இரண்டும் சேர்ந்து விழுந்தன.

"பேங்குல சும்மா கெடக்கற காசுதான? நாலு மாசம் என்ற கைல குடு. செக்குக்குக் குடுத்தது போக, கடைக்கு ஏசியே மாட்டிப்போடலாம்."

எண்ணெய்க் கடைக்கு ஏசி எதற்கு என்று அவள் கேட்டாளாம். ஆனால் அவள் உடனே மறுக்கவில்லை. அதுவரை அவர் தம் சொந்தப் பணம் ஐம்பதாயிரத்தை வைத்துச் செய்த வணிகத்தின் அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, அவுங்க சொல்றத நான் அப்புடியே நம்ப மாட்டேன். நீ படிச்சுப் பாத்துச் சொல்லு. நீ செரின்னாச் செரி."

ஐந்து தாள்கள். முடித்த வணிகங்களின் பட்டியல் அறுபத்து நான்கு வரிகள். ஒவ்வொரு வரியையும் சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு படித்தேன். அறுபத்து நான்கிலும் லாபம். ஒரு வரியில்கூட நட்டம் இல்லை. நட்டமே இல்லாத பட்டியலைக் கண்டால் ஐயம் எழ வேண்டும் என்பது இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு எழுந்தது மதிப்பு. நிறுவனத்தின் ஆங்கில முகவரியில் இரண்டு எழுத்துப் பிழைகளைக் கண்டு வட்டமிட்டேன். அந்தக் கண்டுபிடிப்பில் மனம் நிறைந்துபோயிற்று. நான்காம் தாளின் அடியில் மொத்தம் என்ற வரி வந்தது. மொத்தத்துக்குப் பின் ஒன்றும் இருக்காது என்ற தொழில் வழக்கத்தில் பென்சிலை வைத்துவிட்டேன்.

"கணக்குச் சுத்தமா இருக்குது அம்மணி."

அந்த வாக்கியம் இதுதான். ஐந்தாம் தாளை நான் புரட்டவில்லை.

அவள் நான்கு லட்சத்தையும் கொடுத்தாள். அடுத்த நான்கு மாதங்களில் மைத்துனர் பெரிய மாடுகளைப் பிடித்தார். குறிப்பாகத் தங்கம். தங்கத்தை அவர் வாங்கவில்லை, விற்றார். "இத்தன ஏறுனது எறங்கித்தான ஆகோணும்" என்பது அவர் கொள்கை. கடைவீதி நகைக்கடைகளில் இன்று வாங்காவிட்டால் நாளை எட்டாது என்று மக்கள் நிற்க இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கத் தொடங்காத வீடுகளில்கூடத் தாலிக்கொடி வாங்கி வைத்தார்கள். தங்கம் ஏறும் என்று தெரியாதவர் இந்த ஊரில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் குடும்பத்தில் பெண்ணெடுத்திருந்தார்.

ஆனாலும் அவருக்கு லாபம் வந்தது என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். எவ்வளவு ஏறும் விலையும் நடுவில் சிறிது மூச்சு வாங்கும். அந்தச் சிறு இறக்கங்களில் அவர் பாதியை முடித்தார், கால்வாசியை முடித்தார், பப்ஸ் வாங்கினார், கயிற்றை விட்டார். பிறகு விலை ஏறியது. கயிறு மட்டும் தனியே அந்த ஏற்றத்தின் எதிரே நின்றது. ஞாயிறுதோறும் அலைபேசியை என் தங்கையிடம் நீட்டி, இருப்புத் தொகையைக் காட்டுவார். நான்கு லட்சத்து எண்பது. ஐந்து லட்சத்துப் பத்து. ஐந்து லட்சத்து நாற்பத்திரண்டு. டாலரில் இருந்ததை அவர் ரூபாயாக்கிச் சொன்னார். நானும் அப்படியே சொல்கிறேன்.

செக்குக்காரர் சொன்ன நாளில் சொன்னபடி பேசினார். இத்தகைய நாணயம் இந்தக் கதையில் இன்னொருவரிடம் இல்லை.

"ஏனுங்கம்மா, ரெண்டும் ரெடிங்க. பணத்தப் போட்டுட்டீங்கன்னா வண்டில ஏத்தி உட்டரலாமுங்க."

அன்று மாலை மைத்துனரிடம் பணத்தைக் கேட்டாள். நாளைக்கு என்றார். மறுநாள், அமெரிக்காவில் வேலைவாய்ப்பு அறிக்கை வரப்போவதால் கை வைக்கக் கூடாது என்றார். அமெரிக்காவில் எவருக்கு வேலை கிடைத்தால் பெருந்துறையிலிருந்து செக்கு வராது என்று அவளுக்குப் புரியவில்லை. அதற்கடுத்த நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை பணம் எடுத்தால் லட்சுமி போய்விடுவாள் என்றார். அதற்கு மேல் இரண்டு நாள் சந்தை விடுமுறை. திங்களன்று மறுபடியும் நாளைக்கு என்றார். செவ்வாயன்று அவள் கையை நீட்டினாள்.

"போனக் குடுங்க."

கொடுத்தார். அவள் திரையைப் பார்த்தாள். நான் அப்போது அவர்கள் வீட்டு உணவு மேசையில் அமர்ந்திருந்தேன்; ஆகவே இது நேரில் கண்டது.

"இதென்னுங்க ரெண்டு நெம்பரு? மேல அஞ்சு நாப்பத்திரண்டு இருக்குது. கீழ மூணு இருவத்திநாலுன்னு இருக்குது?"

"மேல இருக்கறதுதான் நம்ம காசு."

"அப்பக் கீழ இருக்கறது ஆரு காசுங்க?"

"அது சும்மா. கயிறெல்லாம் அவுத்துட்டா எவ்வளவு வரும்னு காட்டறான். நாம எதுக்கு அவுக்கப்போறோம்?"

முடித்த வணிகங்களின் கூட்டு மேலே. முடிக்காதவற்றையும் சேர்த்த உண்மை கீழே. ஞாயிறுதோறும் அவர் கட்டைவிரல் கீழ் எண்ணின் மேல் இருந்தது என்று பின்னொரு நாள் தங்கை சொன்னாள். இடையில் இருந்த இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் கயிறுகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் தெருமுனைக் கடைக்குப் போய் முழு அறிக்கையையும் அச்செடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். முப்பத்தாறு பக்கம்.

"இந்தத் தடவ கடேசிப் பக்கம் வரைக்கும் படிண்ணா."

பழைய அறிக்கையின் ஐந்தாம் தாளையும் அவள் பார்த்திருக்கிறாள் என்பது அந்தக் குரலில் தெரிந்தது. அதில் ஒன்பது வரிகள் இருந்தன, ஒன்பதும் முடிக்கப்படாதவை, ஒன்பதுக்கும் நேரே கழித்தல் குறி. நானும் அன்றிரவு அதைத் தேடி எடுத்துப் பார்த்தேன். என் சிவப்புப் பென்சிலின் தடம் அதில் இல்லை.

புதிய அறிக்கையின் கடைசி இரண்டு பக்கங்களில் நாற்பத்தொரு கயிறுகள் இருந்தன. பதினான்கு தங்கம். மற்றவை யூரோ, பவுண்டு, யென், நான் பெயர் கேட்டிராத ஒரு நியூசிலாந்துப் பணம். நான்கு மட்டும் சொற்ப லாபத்தில் இருந்தன. மற்ற முப்பத்தேழும் நட்டத்தில். ஒவ்வொன்றின் எதிரிலும் தீவனச் செலவு தனிப் பத்தியில் அச்சாகியிருந்தது. பட்டறையில் மயிரிழைக்குத் தண்டைத் தூக்கி எறிகிறவர், இங்கே நாற்பத்தொன்றைப் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தார்.

மறுநாள் புதன்கிழமை. மதியம் நான் போனபோது மைத்துனர் சாப்பிட்டு முடித்து மேசையிலேயே இருந்தார். தங்கை எதிரே அமர்ந்து என் பென்சிலை வாங்கிக்கொண்டாள். சீவல் எடுக்க வந்த பாய் எடைச்சீட்டோடு வாசலில் நின்றார்; வீடு பட்டறைக்குப் பின்கட்டு.

"உள்ள வாங்க பாய். நீங்களே சொல்லுங்க, இத இன்னைக்கு இப்புடியே உட்டா என்னாகுமுங்க?" என்றாள் தங்கை.

"புதங்கெழமைங்க அம்மணி. இன்னைக்கு உட்டா மூணு நாளுத் தீவனம்" என்றார் பாய்.

மைத்துனர் எல்லாரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, சமாதானத்துக்கு வரும் குரலில் பேசினார்.

"செரி, நானே சொல்றேன். பார்ஷியலாப் பண்ணீருவோம். இன்னைக்கு இருவது கயித்த அவுத்துப்போடறேன். வெல எறங்கட்டும், பத்து. அப்பறம் பாத்துட்டு அஞ்சு."

"அரைச் செக்க வாங்கி நான் எங்கீங்க போயி ஆட்டறது?"

"வெல கண்டிப்பா எறங்கும்."

"எறங்கட்டும். நாம இல்லாதப்ப எறங்கட்டும்."

அவர் முடிக்கத் தொடங்கினார். ஒவ்வொன்றையும் அழுத்துமுன் அதன் வரலாற்றைச் சொன்னார். இது பொங்கலுக்கு முந்தின நாள் எடுத்தது. இது மச்சான் பிறந்த நாளன்று எடுத்தது, எல்லாருக்கும் தேங்காய் பன் வாங்கினேனே. இது வெறும் நாற்பது நிமிடத்தில் பாதி கொடுத்தது, எப்பேர்ப்பட்ட மாடு! தங்கை வரியை அடித்துக்கொண்டே வந்தாள். ஒரு கட்டத்தில் லாபத்தில் இருந்த நான்கை விட்டுவிடலாமா என்று கேட்டார். அவள் பென்சிலை நிறுத்தி அவரைப் பார்த்தாள். அந்த நான்கும் முடிந்தன. எங்கள் பக்கம் ஒப்பாரியில் இறந்தவரின் பெருமைகளை வரிசைப்படுத்துவார்கள். அதைக் கேட்டவர்களுக்கு அந்த மதியத்தை விளக்க வேண்டியதில்லை.

நாற்பது முடிந்தது. ஒன்று மிஞ்சியது. தங்கம், அவள் பணத்தைப் போட்ட பிறகு எடுத்த முதல் வணிகத்தின் கயிறு. அந்த ஒன்றில் மட்டும் முப்பதாயிரத்துக்குச் சற்று மேல் நட்டம் இருந்தது. மைத்துனர் அலைபேசியை மேசையில் வைத்துவிட்டார்.

"இது ஒண்ணு இருந்துட்டுப் போவுது. ராசிக்கு."

வெளியே பாயின் வண்டிக்காரர் எடையை மறுபடி சரிபார்க்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். மைத்துனர் எழுந்து போனார். பாயும் பின்னால் போனார். பிறகு விட்டுச்சென்ற எடைச்சீட்டை எடுக்க ஒரு முறை உள்ளே வந்து போனார். தங்கை எனக்கு மோர் கொண்டுவருவதாகச் சமையலறைக்குப் போனாள். நான் எழுந்து சன்னலோரம் நின்று, எதிர்வீட்டு மதிற்சுவரில் எழுதியிருந்த விளம்பரத்தில் ஓர் ஒற்றுப் பிழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலைபேசி மேசையில் திறந்தபடியே கிடந்தது. சந்தை விழித்திருக்கும்போது அலைபேசி தூங்கக் கூடாது என்று, அது தானாகப் பூட்டிக்கொள்ளாதவாறு அவர் அமைத்திருந்தார்.

மைத்துனர் திரும்பி வந்து அதைக் கையில் எடுத்தார். திரையில் ஒரு வரியும் இல்லை.

"ஆரு முடிச்சது?"

தங்கை மோர் டம்ளரை என் முன்னால் வைத்தாள். பாய் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மைத்துனர் மூவரையும் முறை வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்ததாகச் சொல்ல முடியாது. கடைசித் தண்டைக் கடைந்து இயந்திரத்தை நிறுத்தியவரின் முகம்போல் இருந்தது. மேலும் கீழும் இருந்த இரண்டு எண்களும் இப்போது ஒன்றாக இருந்தன. மூன்று லட்சத்து இருபத்து நான்காயிரம்.

அதன் பிறகு நடந்தவை, பின்னர் அச்செடுத்த அறிக்கையின் தொடர்ச்சியில் உள்ளபடி. நிறுவனம் எங்கோ ஒரு தீவில் பதிவானது. நம் நாட்டில் இந்த வணிகம் நடத்த அதற்கு அனுமதி இல்லை என்பதை நான் அந்த வாரம்தான் சரிபார்த்தேன். நான்கு மாதம் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. பணத்தைக் கேட்டதும் அவர்கள் ஒரேயடியாகத் தரவில்லை. முதலில் பாதி வந்தது. இரண்டு வாரம் கழித்துக் கால்வாசி. அடையாளச் சான்று கேட்டு, மின்கட்டண ரசீது கேட்டு, மைத்துனர் அட்டையைக் கையில் பிடித்தபடி எடுத்த புகைப்படம் கேட்டு, இன்னும் சில துளிகள். ஏழு வாரம் ஆயிற்று. கணக்கில் முப்பத்தெட்டு டாலர் மிஞ்சியது. ஐம்பதுக்குக் குறைந்தால் எடுக்க முடியாது என்பது விதி.

பேக்கரியில் இதை மைத்துனர் சொன்னபோது பாய் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"கயித்த அவன் வெச்சுக்கிட்டானுங்களா?"

"ஆமாங்க பாய்."

"அப்ப மாடு ஆருங்க மொதலாளி?"

அன்று எவரும் பப்ஸ் கேட்கவில்லை.

தங்கை செக்குக்காரரை அழைத்து, இரண்டுக்குப் பதிலாக ஒன்று போதும் என்றாள். அவர் முன்பணத்தில் ஒன்றும் பிடிக்கவில்லை. கடை நடக்கிறது. ஒரே செக்கில் காலையில் தேங்காய் ஆட்டி, கழுவித் துடைத்துக் காயவிட்டு, பிற்பகலில் கடலை ஆட்டுகிறாள். எள்ளுக்கு வாரத்தில் ஒரு நாள். அந்தக் கழுவித் துடைக்கும் இரண்டு மணி நேரத்தை நான் கடைக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். சில நாள் துணியை வாங்கி நானும் துடைக்கிறேன். புட்டியில் ஒட்டும் சீட்டை அச்சிடுமுன் என்னிடம்தான் கொடுத்தாள். நான் படித்து முடித்துத் திருப்பித் தந்ததும், தாளின் பின்பக்கத்தைப் புரட்டி என் முன்னால் வைத்தாள். அது வெற்றுத் தாள்தான். அதையும் படித்துவிட்டுக் கொடுத்தேன். எண்ணெயை எனக்குக் கடை விலைக்கே விற்கிறாள்.

தெரியாதவை வருமாறு. நாற்பத்தொன்றாவது கயிறு அன்று பிற்பகல் இரண்டு மணி நாற்பத்தேழு நிமிடத்துக்கு முடிக்கப்பட்டதாக அந்தத் தொடர்ச்சி சொல்கிறது. எவருடைய விரல் என்று சொல்வதில்லை. என்னுடையது இல்லை என்பதற்கு என் சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை. முப்பத்தெட்டு டாலர் இருக்கும் அந்தக் கணக்கை மைத்துனர் இப்போதும் திறந்து பார்க்கிறாரா என்பது தெரியாது. அன்று நான் ஐந்தாம் தாளைப் புரட்டியிருந்தால் தங்கை பணத்தைக் கொடுக்காமல் இருந்திருப்பாளா என்பதை நான் அவளிடம் கேட்கவில்லை. ஆகவே அதுவும் தெரியாது.